டிராக்டர் பேட்டரியும் டீசல் ஜீப்பும்: நெல்லைச் சீமைப் பாதைகளுக்கு எது நிலைக்கும்?

திருநெல்வேலிச் சீமையில் ஜீப் வைத்திருப்பவர்கள் பேட்டரி வாங்கப் போனால் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, செல்ஃப் நன்றாக அடிக்குமா என்பதைத்தான். புது பேட்டரி எதுவானாலும் தொடக்கத்தில் நன்றாகவே அடிக்கும். இரண்டு கோடையும் ஓர் ஐப்பசி அடைமழையும் கடந்த பிறகு, குதிரைமொழித் தேரியின் செம்மணலிலோ இராதாபுரம் பக்கத்துக் கல்குவாரி ஏற்றத்திலோ அணைந்துபோன என்ஜினை அது மறுபடி எழுப்புமா என்பதை அறிந்துகொண்டு வாங்குவதே முறை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ரக டீசல் ஜீப்புக்கு, டிராக்டருக்கென்று செய்யப்பட்ட, மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடிய, 80 ஆம்பியர்-மணி அளவிலான ஈய-அமில பேட்டரியே நம் பகுதிக்குப் பொருத்தமானது. புதைந்த வண்டியைக் கம்பி வடத்தால் இழுக்கும் மின்சார வின்ச் பூட்டியவர்களுக்கு மட்டும், ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை தேவைப்படும். சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் புது வண்டிகளுக்கு இந்த இரண்டு ஆலோசனையும் பொருந்தாது. அவற்றுக்கு நிறுவனம் சொன்ன வகையையே போட வேண்டும். என்னுடைய மஹிந்திரா ‘தார்’ டீசல் ஜீப்பில் டிராக்டர் வகை பேட்டரி ஒன்று இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த மதிப்புரை அதைப் பற்றியது.

பேட்டரியைக் கொல்வது குளிர் என்று மேலைநாட்டு விளம்பரங்கள் சொல்லும். நம் ஊரில் கொல்வது வெயில். பாளையங்கோட்டையில் கத்திரி வெயில் காலத்தில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. என்ஜினுக்குப் பக்கத்தில் பானட்டுக்குள் இருக்கும் பேட்டரிக்கு அதைவிடப் பல டிகிரி கூடுதலான சூடு. ஈய-அமில பேட்டரியின் வெப்பநிலை 10 டிகிரி அளவுக்குக் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. சூட்டில் உள்ளே இருக்கும் நேர்முனைத் தகட்டின் ஈயச் சட்டம் அரிபடும் வேகம் கூடுகிறது. ஆசிட்டில் கலந்திருக்கும் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வெளியேறுகிறது. தண்ணீர் மட்டம் இறங்கித் தகட்டின் தலை காற்றுப்பட்டுவிட்டால் அந்தப் பகுதி காய்ந்து இறுகிப்போய், பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இதிலே ஜீப்புக்கு மட்டும் உரிய ஒரு தொல்லையும் உண்டு. நாற்கரச் சாலையில் போகும் காருக்கு முன்பக்கமாகக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். தேரி மணலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஜீப்புக்கு அந்தக் காற்று கிடையாது, என்ஜினோ முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரே ஊரில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேட்டரிகளில் காரில் இருப்பது நாலு வருடமும் ஜீப்பில் இருப்பது இரண்டு வருடமும் ஓடினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வெயிலுக்கு அடுத்த பகை குலுக்கல். 1859-இல் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே ஈய-அமில பேட்டரியைச் செய்தார்; 1881-இல் காமீல் ஃபோர் என்பவர் ஈயச் சட்டத்தில் ஈய ஆக்சைடைப் பசையாக்கி அப்பும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாம் வாங்கும் பேட்டரியும் அடிப்படையில் அந்த அப்பு முறைதான். மின்சாரத்தைத் தாங்குவது அந்தப் பசை. வண்டி கல்லிலும் குழியிலும் விழுந்து எழும்போது, ஓதம் ஏறிய சுவரில் காரை பெயர்வது போல அது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அடியில் படிகிறது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ‘செல்’ எனப்படும் ஆறு தனி அறைகள் உண்டு, ஒவ்வொன்றும் 2 வோல்ட் அளவு தரும். ஓர் அறையில் படிந்தது உயர்ந்து தகடுகளின் கீழ் விளிம்பைத் தொட்டால் அந்த செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். அப்போது 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட் சொச்சத்துக்கு இறங்கி நிற்கும், எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றினாலும் மேலே ஏறாது. ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் அதை உறிஞ்சிப் பார்க்கும்போது தெளிவாக இல்லாமல் கறுத்துக் கலங்கி வந்தால் உதிர்தல் மிஞ்சிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டு பகைகளையும் மனத்தில் வைத்துத்தான் டிராக்டர் பேட்டரியின் பக்கம் வந்தேன். பெரும்பாலான டிராக்டர்களுக்குப் பின்பக்கம் ஸ்பிரிங் என்பதே கிடையாது. அம்பாசமுத்திரம் பக்கம் இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்று வயலில் உழும் வண்டியை ஒரு நாள் நின்று பார்த்தால், பேட்டரிப் பெட்டி என்ன பாடுபடுகிறது என்று தெரியும். அதைத் தாங்கவென்றே தகடுகளைச் சற்றுத் தடிப்பாக வார்த்து, ஆடாதபடி பிடித்து நிறுத்தி, தண்ணீர் ஊற்ற மூடியும் வைத்துச் செய்கிறார்கள். எக்ஸைடில் ‘ஜெய் கிசான்’, அமரானில் ‘ஹார்வெஸ்ட்’ என்று இவற்றுக்குத் தனி வரிசைகளே உள்ளன. எந்த நிறுவனம் என்பதை இங்கே வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளுகிறேன். ஒரே நிறுவனத்தின் கார் வரிசைக்கும் டிராக்டர் வரிசைக்கும் உள்ள வேறுபாடு, இரண்டு நிறுவனங்களின் ஒரே வரிசைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது என்பதே என் முடிவு.

பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. சிசிஏ என்று போட்டிருப்பது, பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில், மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 நொடிக்கு எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்ற அளவு. மார்கழி விடியலில் மாஞ்சோலைக்கு மேலே குதிரைவெட்டியில் நின்றாலும் அந்தக் குளிரின் பக்கத்தில்கூட நாம் போகப்போவதில்லை. டீசல் என்ஜினைச் சுற்ற ஓரளவு சிசிஏ வேண்டும் என்பது உண்மைதான். வண்டியின் கையேட்டில் சொன்ன அளவு இருந்தால் போதும், அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை. காரணம் எளியது. ஒரே அளவுப் பெட்டிக்குள் சிசிஏ-யைக் கூட்ட வேண்டுமானால் தகடுகளை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழக்கமான வழி. மெல்லிய தகடு நம் வெயிலில் சீக்கிரம் அரிபட்டுப்போகும். நமக்கு அதைவிட உதவும் எண் ரிசர்வ் கெப்பாசிட்டி. என்ஜின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியைச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நின்றுபோனால், 25 ஆம்பியர் சுமையை எத்தனை நிமிடம் பேட்டரி தனியாகத் தாங்கும் என்பதை அது சொல்கிறது. இரவில் மலையடிவாரத்தில் பெல்ட் அறுந்தால் ஹெட்லைட்டோடு ஊர் வந்து சேர உதவுவது அந்த நிமிடங்கள்தாம். இவை எல்லாவற்றையும்விட எளிய சோதனை எடை பார்ப்பது. ஒரே அளவுள்ள இரண்டு பேட்டரிகளில் கனமானதில் ஈயம் கூடுதல். நான் வாங்கியது 20 கிலோவை ஒட்டி இருந்தது. அதே அளவில் பக்கத்தில் வைத்திருந்த கார் வகையைத் தூக்கிப் பார்த்தபோது கைக்கே வேறுபாடு தெரிந்தது.

வாங்கியது வண்ணார்பேட்டைப் பக்கத்தில் ஒரு சிறிய பேட்டரிக் கடையில். டிராக்டர்காரர்களும் வேன் ஓட்டுநர்களும் நம்பி வரும் கடை அது. மாடலைச் சொன்னவுடன் எடுத்துக் கொடுத்துவிடாமல், கடைக்காரர் முதலில் என் வண்டியின் பானட்டைத் திறக்கச் சொல்லி, தட்டின் நீள அகலத்தை அளந்து, நேர்முனை எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தார். முனைகள் இடம் மாறிய பேட்டரியைப் போட்டால் கேபிள் எட்டாது, இழுத்துப் பிடித்துப் பூட்டினால் குலுக்கலில் உரசி ஷார்ட் ஆகும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. 95டி31ஆர் என்பது போன்ற குறியீட்டில் 31 என்பது ஏறத்தாழ நீளத்தின் சென்டிமீட்டர். கடைசி எழுத்து முனைகளின் இடத்தைக் குறிக்கும். பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அண்ணாச்சி, கம்பெனிய அப்புறமா பாக்கலாம், மொதல்ல தேதிய பாத்துக்கிடுங்க. கடையில ஆறு மாசம் கெடந்த சரக்கு உங்க வண்டியில ஆறு மாசம் ஓடுன மாதிரிதான்.” அவர் சொன்னது முழுக்கச் சரி. சும்மா இருக்கும் பேட்டரியும் தானாக இறங்கிக்கொண்டே போகும். வெப்பம் கூடிய கிடங்கில் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையில் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டிப்படும். தயாரித்து மூன்று மாதத்துக்குள் உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். எக்ஸைடுக்கு ஓசூரிலும், அமரானைச் செய்யும் அமரராஜாவுக்குச் சித்தூர், திருப்பதிப் பக்கங்களிலும் ஆலைகள் இருக்கும்போது, பழைய சரக்கை வாங்க நமக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

மல்டிமீட்டரை வைத்து 12.6 வோல்ட் காட்டுகிறது என்று சொல்லி அனுப்பிவிடும் கடைகள் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஆன ஈய-அமில பேட்டரி ஓய்வில் 12.6-ஐ ஒட்டித்தான் காட்டும், 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது என்று பொருள். ஆனால் சுமை இல்லாமல் காட்டும் வோல்ட்டை மட்டும் நம்பக்கூடாது. இந்தக் கடையில் லோடு டெஸ்டரை மாட்டினார்கள்: சிசிஏ-யில் பாதி அளவு ஆம்பியரை 15 நொடிக்கு இழுத்து, அப்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் நிற்கிறதா என்று முள்ளைக் காட்டினார்கள். ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு, அளவு ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதையும் காட்டினார்கள். ஒரு செல் மட்டும் தாழ்ந்திருந்தால் அது முதல் நாளிலேயே தெரிந்துவிடும். மூடி இல்லாத சீல் பேட்டரியில் இந்தச் சோதனைக்கு வழியே இல்லை. நான் மூடியுள்ளதைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாரண்டியைப் பற்றிச் சில வரிகள். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் மாதக் கணக்கைப் பார்த்து மயங்கக்கூடாது. அது பெரும்பாலும் இரண்டு பாகம்: முதல் பாகத்தில் கெட்டால் இலவசமாக மாற்றித் தருவார்கள், இரண்டாம் பாகத்தில் கெட்டால் புது பேட்டரியின் விலையில் ஒரு பங்கைக் கழித்துத் தருவார்கள். அந்தக் கழிவு அச்சிட்ட எம்ஆர்பி விலையில் கணக்கிடப்படும். கடையில் எல்லோருக்கும் கொடுக்கும் தள்ளுபடி விலையே, அந்தக் கழிவு போக நிற்கும் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆகையால் இலவசமாக மாற்றித் தரும் பாகம் எத்தனை மாதம் என்பதை மட்டும் ஒப்பிட்டால் போதும். டிராக்டர் வகையை ஜீப்பில் போடுவோர் இன்னொன்றையும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வண்டிக்கென்று பட்டியலில் இல்லாத மாடலைப் போட்டால், பின்னால் வாரண்டி கேட்கும்போது தகராறு வரலாம். வண்டி எண்ணையும் பேட்டரியின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதி முத்திரை வாங்கிக்கொண்டேன். மாட்டேன் என்று சொல்லும் கடையில் இந்த வகையை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மற்ற வகைகளையும் நேர்மையாக எடைபோட வேண்டும். கால்சியம் கலந்த ஈயச் சட்டம் கொண்ட சீல் பேட்டரி தண்ணீரைக் குறைவாகவே இழக்கும்; நகரத்துக் காருக்கு அருமையானது. ஆனால் ஒருமுறை ஆழமாக இறங்கிவிட்டால் எளிதில் மீளாது. தண்ணீர் குறைந்ததா என்று பார்க்கவும் வழி இல்லை. ஏஜிஎம் வகையில் ஆசிட் முழுவதையும் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சிக்கொண்டிருக்கும், அந்தப் பாய் தகடுகளை இறுக்கிப் பிடித்தும் இருக்கும். குலுக்கலுக்கு இதைவிட நல்லது கிடையாது, வண்டி சாய்ந்தாலும் ஆசிட் கொட்டாது. ஆப்டிமாவின் சுருள் வடிவமும் ஒடிசியின் தூய ஈய மென்தகடும் இந்த வகைதான்; உலகமெங்கும் கரடுமுரடுப் பாதைக்காரர்கள் அவற்றை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் அவற்றை வரவழைக்கும் செலவுக்குப் பல டிராக்டர் பேட்டரிகளை வாங்கிவிடலாம் என்பதோடு, சூட்டிலும் கூடுதல் சார்ஜிலும் ஏஜிஎம் காய்ந்துபோனால் மறுபடி தண்ணீர் ஊற்ற முடியாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடையில் பாதிக்கும் குறைவு. ஆயினும் என்ஜினை ஒட்டிய சூட்டில் அதை வைக்க எனக்குத் துணிவில்லை. பின்பக்கத்தில் தனிப் பேட்டரியாக வைத்து ஃபிரிட்ஜ் ஓட்டுபவர்கள் வேண்டுமானால் அதைப் பார்க்கலாம்.

வின்ச் வைத்திருப்பவர்களின் கணக்கே வேறு. 9,000 பவுண்டு சுமையை இழுக்கக்கூடிய வின்ச், முழுச் சுமையில் 400 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். நம் வண்டிகளின் ஆல்டர்னேட்டர் தருவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி அத்தனையும் பேட்டரியின் தலையில்தான் விழுகிறது. ஐப்பசி கார்த்திகையில் களிமண் பாதையில் புதைந்த வண்டிகளை அடிக்கடி இழுத்து எடுப்பவர்கள் ஏஜிஎம் வாங்குவது வீண்செலவில்லை. இடம் இருந்தால் இரண்டாவது பேட்டரியும் அதைப் பிரித்து வைக்கும் ரிலேயும் போட்டுக்கொண்டால் செல்ஃபுக்கு உரிய பேட்டரி தப்பிக்கும்.

எந்தப் பேட்டரியானாலும் பூட்டும் விதத்தில்தான் பாதி ஆயுள் இருக்கிறது. பழைய ஜீப்புகளைத் திறந்து பார்த்தால் பலவற்றில் பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருப்பிடித்து ஒரு பக்கம் கழன்றிருக்கும், அல்லது சைக்கிள் டியூப்பை வைத்துக் கட்டியிருப்பார்கள். குழியில் வண்டி இறங்கும்போது பேட்டரி தனியாக எகிறிக் குதித்தால் எந்தத் தகடும் தாங்காது. தட்டின் அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, கிளாம்பின் இரு கம்பிகளையும் சமமாக முடுக்கி, இரு கையாலும் பேட்டரியைப் பிடித்து ஆட்டும்போது வண்டியே ஆட வேண்டும். பேட்டரி மட்டும் ஆடக்கூடாது. அளவுக்கு மீறி முடுக்கினால் பெட்டியில் விரிசல் விழும் என்பதையும் கவனிக்க வேண்டும். கழற்றும்போது எர்த் கேபிளை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். மாட்டி முடித்ததும் என்ஜினை ஓடவிட்டு முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்தோம். பழைய வண்டிகளில் 13.8-இலிருந்து 14.4 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சரிசெய்யாமல் புது பேட்டரியை ஓட்டக்கூடாது, நம் வெயிலில் அது தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தீர்த்துவிடும்.

பராமரிப்பில் இந்த வகை கேட்பது ஒன்றைத்தான்: தண்ணீர். கோடையில் மாதம் ஒருமுறையும் மற்ற நாட்களில் அதைவிட இடைவெளி விட்டும் மூடியைத் திறந்து பார்க்கிறேன். மூடிகளின் மேலே ஒரு கோடு உண்டு, ஐந்து ரூபாய் நாணயத்தை அதில் வைத்துத் திருப்பினால் கழன்றுவரும். டார்ச் அடித்தால் தகடுகளின் மேல் ஒரு விரல் உயரத்துக்கு நீர் மினுங்க வேண்டும். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் அதில் கரைந்திருக்கும் உப்புகள் தகட்டைக் கெடுக்கும். ஆசிட் ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது, வெளியேறுவது ஹைட்ரஜன். உவரி, கூடங்குளம், திசையன்விளை என்று கடற்கரையை ஒட்டி ஓடும் வண்டிகளில் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைந்துபோகும். துடைத்துக் காயவைத்து, கேபிளை முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் மறுபடி பூப்பது வெகுவாகக் குறைகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எண்ணற்ற வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. அப்படி மூழ்கிய பேட்டரியைக் காயவைத்து மறுபடி ஓட்டலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். மூச்சுத் துளை வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் ஆசிட் நீர்த்தும் அழுக்கேறியும் போயிருக்கும். மூடியுள்ள பேட்டரியில் ஆறு செல்லையும் ஹைட்ரோமீட்டரால் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடிவு செய்யலாம். கலங்கியோ ஒன்றுக்கொன்று மாறுபட்டோ இருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

என் வண்டியில் இந்த பேட்டரிக்கு இரண்டு குறைகள் தெரிகின்றன. கடுங்கோடையில் தண்ணீர் குடிப்பது சீல் வகையைவிடக் கூடுதல்; மாதக்கணக்கில் வண்டியை எடுக்காமல் நிறுத்துபவர்களுக்கு இது ஒத்துவராது, கழற்றி மெதுவாக சார்ஜ் ஏற்றி வைக்க வேண்டியிருக்கும். மற்றபடி கல்குவாரிப் பாதையிலும், வனத்துறை அனுமதியோடு மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் கற்பாதையிலும் செல்ஃப் ஒருமுறைகூட இழுத்து அடித்ததில்லை. ஆறு செல்லின் அளவும் இன்றுவரை ஒன்றுபோலவே நிற்கிறது. புதியதை வாங்கும்போது பழையதை அதே கடையில் கொடுத்துவிடுங்கள். அதன் ஈயத்துக்கு உரிய தொகையை விலையில் கழிப்பார்கள்; 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையவற்றைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. எடைக்கு வாங்கும் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் நூறு இருநூறு கூடக் கிடைக்கலாம். ஆனால் அவர் உடைத்து ஊற்றும் ஆசிட்டும் ஈயமும் வாய்க்காலுக்குத்தான் போகும், அந்த வாய்க்கால் நம் வயலுக்குத்தான் வரும்.